சுவருக்குள் ஓடும் வேகம்

காரைக்காலின் பழைய தெருக்களில் வீடு முகப்பில் ஒடுங்கி, உள்ளே நீண்டு ஓடும். திண்ணை, ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி என்று போய்க்கொண்டே இருக்கலாம். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கனமாக எழுப்பியவை. ஃபைபர் வாசல் பக்கம் வந்து நிற்கும். ரவுட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போவார்கள். படிக்கிற பிள்ளைக்கு அறை பின்கட்டு மாடியில். மூன்றாவது சுவரைத் தாண்டினால் வைஃபை பெயரைக் காட்டும், வேலை செய்யாது. நூறு வருஷச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். நியாயம் அவர் பக்கம்தான். அப்படிப்பட்ட வீடுகளுக்குத்தான் நான் பவர்லைன் அடாப்டரை எடுத்துப் போகிறேன். ரவுட்டர் அருகே ஒன்று, தேவைப்படும் அறையில் ஒன்று. ஏற்கெனவே இருக்கிற கரண்ட் வயரிலேயே இன்டர்நெட்டும் போகும்.

பெட்டியின் மேல் 600, 1200, 2000 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை நான் யாரிடமும் சொல்வதில்லை. அது வயரில் ஓடும் மொத்தக் குறிகளின் கணக்கு. நம் கைக்கு வரும் வேகம் அல்ல. 2005-இல் வந்த ஹோம்பிளக் ஏவி தரத்தின் அளவு 200 மெகாபிட். பிழை திருத்தத்துக்கான பங்கைக் கழித்தால் 150. போக்கும் வரவும் ஒரே வயரில் முறை வைத்து நடப்பதால் அதிலும் குறையும். ஃபைல் காப்பி ஆகும்போது பெட்டியில் போட்ட எண்ணில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அந்த வீட்டு வயரிங்கைப் பாராட்ட வேண்டும். 600 என்று எழுதிய பல மாடல்களில் கேபிள் செருகும் போர்ட்டே 100 மெகாபிட்தான். உள்ளே எவ்வளவு ஓடினாலும் 95-க்கு மேல் வெளியே வராது. வாங்குமுன் போர்ட் கிகாபிட்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; விலையைவிட அது முக்கியம்.

நான் அளந்து பார்த்தவரை, 1200 வகைப் பெட்டி புது வயரிங்கில், ஒரே பேஸில், 200 முதல் 300 வரை தரும். பழைய வீட்டில் 40 முதல் 90. பேஸ் மாறினால் 20, 30. இருபது வந்தாலும் ஆன்லைன் வகுப்பு தடங்காமல் ஓடும் என்பதை மறந்துவிடக்கூடாது. வைஃபை எட்டாத அறைக்கு அது பெரிய விஷயம்.

இந்தப் பெட்டி செய்கிற வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டின் மேல், ஏவி தரத்தில் ஏறத்தாழ 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு தடங்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு தடத்தையும் சோதித்துப் பார்த்து, சுத்தமான தடத்தில் நிறையவும் இரைச்சலான தடத்தில் கொஞ்சமாகவும் பிட் ஏற்றுகிறது. மின்சாரம் நொடிக்கு நூறு முறை உச்சம் தொட்டு இறங்குகிறது. வீட்டுச் சாதனங்களின் இரைச்சலும் அதே தாளத்தில் ஏறி இறங்கும். அந்தச் சுழற்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு ஏற்றலாம் என்று தனித்தனியாகத் தீர்மானிக்கிறது.

அவ்வளவு கெட்டிக்காரப் பெட்டியும் கெட்டுப்போன ஜாயின்ட்டில் தோற்கும். நம் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. செம்புக் கம்பி சுவிட்ச் போர்டுக்குள்ளேயே களிம்பு ஏறிப் பச்சையாகிவிடும், திருகு துருப்பிடித்துத் தளரும். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும். வீட்டுக்காரருக்கு ஒரு குறையும் தெரியாது. உயர்ந்த அலைவரிசைக்குத் தெரியும். தளர்ந்த முனையில் எழும் நுண்ணிய தீப்பொறி எல்லாத் தடத்திலும் இரைச்சலாகப் பரவும். மரப்பட்டி வயரிங் காலத்தில் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகள் வேறு. எதற்கும் போகாமல் பாதியில் நிற்கும் கிளை வயரின் முனையில் மோதி அலை திரும்பி வரும். அதனால் என் பையில் அடாப்டருக்கு முன்னால் ஸ்குரூ டிரைவரைத்தான் எடுக்கிறேன். மெயினை இறக்கி, டெஸ்டரால் சரிபார்த்து, வழியிலுள்ள போர்டுகளைத் திறந்து, களிம்பு ஏறிய முனையை வெட்டிப் புதிதாகச் சீவி இறுக்குகிறேன். பெட்டி மாற்றாமலே வேகம் கூடுவதை இந்த ஊரில் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். தீ விபத்துக்கு இருந்த வாய்ப்பும் அதோடு குறைகிறது.

1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இது. இன்றும் பல வீட்டில் ஒரு மகனாவது மகளாவது பிரான்ஸில். லீவுக்கு வரும்போது அங்கே வீட்டில் கிடந்த அடாப்டர் ஜோடியைக் கொண்டு வருவார்கள். 2011 வாக்கில் அங்கே ஃப்ரீபாக்ஸ் ரெவல்யூஷன் என்ற இன்டர்நெட் இணைப்போடு இத்தகைய பிளக்குகளைச் சேர்த்தே கொடுத்தார்கள். அவை நம் ஐந்து ஆம்ப் சாக்கெட்டில் நுழைந்துவிடும், கொஞ்சம் தொளதொளவென்று. ஆனால் பிரெஞ்சு பிளக்கில் எர்த் பின் கிடையாது. அங்கே சாக்கெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி பிளக்கின் துளைக்குள் போகும். நம் சாக்கெட்டில் எர்த் தொடர்பே கிடைக்காது. பழைய தலைமுறைப் பெட்டி பேஸ், நியூட்ரல் இரண்டை மட்டும் பயன்படுத்துவது, அதற்குப் பரவாயில்லை. 2012-க்குப் பிறகு வந்த ஏவி2 வகையில் 1200 போன்ற பெரிய எண்கள் எர்த் வயரையும் இன்னொரு பாதையாகச் சேர்த்து வருபவை. எர்த் இல்லையென்றால் அந்தப் பாதை அடைபட்டுவிடும். இங்கே வாங்கிய மூன்று பின் அடாப்டரை டூ பின் கன்வெர்ட்டரில் சொருகினாலும் அதே கதிதான். இரண்டு வயரோடு நின்றுபோன பழைய அறைகளுக்கு எர்த் வயர் இழுப்பதை நான் வேகத்துக்காக மட்டும் வற்புறுத்துவதில்லை. உயிருக்கும் அது காவல்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகள் தனிக் கதை. கீழ்த்தளம் ஒரு பேஸ், மாடி ஒரு பேஸ், மோட்டாருக்கு மூன்றும். ஒரு பேஸிலிருந்து இன்னொன்றுக்கு அலை நேராகப் போக வழியில்லை. வயர்கள் அருகருகே ஓடும் இடங்களிலும் மெயின் போர்டிலும் கசிந்துதான் தாவுகிறது. ஒரு பேஸ் போய், சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பிக் கீழ்த்தளத்தையும் மாடி பேஸிலேயே போட்டதும் மாடியில் வேகம் கூடுவதைக் கண்டு வீட்டுக்காரர்கள் திகைப்பார்கள். முடிந்தால் இரண்டு அடாப்டரும் ஒரே பேஸில் வருமாறு டிபி பாக்ஸில் ஒரு எம்சிபியின் வயரை மாற்றிவிடுகிறேன்.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் வைக்க வேண்டும். ஒன்று அதிலும் மற்றொன்று ஏசி பாயின்ட்டிலும் இருந்தால் கரண்ட் போன நொடியே தொடர்பு அறும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது, குறிப்பாக ஃபில்டர் வைத்த ஸ்பைக் கார்டில். கரண்ட்டைச் சுத்தம் செய்யும் அந்த ஃபில்டர் நம் அலையையும் சேர்த்து வடிகட்டிவிடும்.

அளப்பதற்கு நான் இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட்டை நம்புவதில்லை. அது வெளி லைனையும் சேர்த்து அளக்கும். ரவுட்டரில் ஒரு லேப்டாப், மறுமுனையில் ஒன்று வைத்து, இரண்டுக்கும் இடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் மென்பொருளை ஓட்டுகிறேன். அளக்கும் நேரம் விளக்கு வைத்த பிறகு. மலிவு எல்இடி பல்புகள் எரிய வேண்டும், போன்கள் சார்ஜில் இருக்க வேண்டும், அடுக்களையில் மிக்ஸி ஓட வேண்டும். மிக்ஸியின் கார்பன் பிரஷ் பொறியைப் போல இந்த லைனைக் கெடுப்பது வேறொன்றில்லை. ஆனியில் மாங்கனித் திருவிழாவுக்கு வாசலில் தொங்கவிடும் சீரியல் செட்டும் தன் பங்குக்குச் சேரும். மதியம் அமைதியாக இருக்கும்போது 90 காட்டிய லைன் ராத்திரி 35-க்கு இறங்கினால், வீட்டுக்காரரிடம் நான் சொல்லும் எண் 35. “என்ன தம்பி, பெட்டியில ஆயிரத்து இருநூறுன்னுல்ல போட்டிருக்கு?” என்று கேட்பவரை உட்காரவைத்து ஐபெர்ஃப் ஓடுவதைக் காட்டுகிறேன். அந்த 35-இல் வேலை நடக்கும் என்றால் மட்டும் பணம் வாங்குகிறேன்.

கடைசியாக, ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் அடுத்த வீட்டுக்கும் இந்த அலை கசியலாம். இரண்டு பெட்டியிலும் ‘பேர்’ (Pair) பட்டனை அழுத்தி, நம் ஜோடிக்கென்று தனிச் சாவி உண்டாக்காமல் வேலை முடிந்ததாக எண்ணக்கூடாது.

புது வயரிங் போடும் வீட்டில் அடாப்டர் பேச்சையே எடுப்பதில்லை. சுவர் வெட்டும் அன்றே கரண்ட் பைப்பிலிருந்து தள்ளி இன்னொரு காலி பைப் பதித்து, கேட்6 கேபிளை இழுத்துவிடச் சொல்கிறேன். கிகாபிட் அதில் இரவு பகல் பேதமில்லாமல் ஓடும்.