இந்த வருடக் கணக்கு: பேனாவால் கொஞ்சம், பென்சிலால் கொஞ்சம்



நோன்பு விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய அன்று எங்கள் வீட்டில் வட்டிலப்பம் அவித்தோம். வாசனைக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன கா விசேஷம், ஆருக்கும் கலியாணம் பேசியாச்சா?" என்று கேட்டார். எங்கள் சின்ன மகள்தான் பதில் சொன்னாள்: "இல்ல மாமி, இண்டைக்கு உம்மாவும் வாப்பாவும் எழுதின கணக்குப் பாக்கிற நாள்." தாத்தாவுக்கு விளங்கவில்லை. ஒரு கோப்பை அனுப்பி வைத்தோம். விளக்கம் இதோ.

நாங்கள் இருவருமே ஆசிரியர்கள், இருவருமே எழுதுகிறவர்கள். ஒருவர் கதை, மற்றவர் கவிதை. யார் எது என்று ஊருக்குத் தெரியும் என்பதால் இதில் "நாங்கள்" என்றே எழுதுகிறோம். எந்தப் பிழை யாருடையது என்பது வீட்டுக்குள் இருக்கட்டும்.

முந்தி எங்களுக்கு வெற்றி என்றால் புத்தகம்தான். 2016இல் ஒன்று போட்டோம். 500 பிரதிகள். வெளியீட்டு விழா, முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பொன்னாடை எல்லாம் நடந்தது. எங்கள் பக்கத்து விழாக்கள் எப்படி என்று வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். உறையில் ஆயிரம் ரூபாய் வைத்துத் தருவார்கள், மனமார வாழ்த்துவார்கள், போகும்போது புத்தகத்தைக் கதிரையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். அன்றிரவு மண்டபத்தைக் கூட்டும்போது 40க்கு மேல் புத்தகங்களை நாங்களே பொறுக்கி எடுத்தோம். யாரையும் குறை சொல்லவில்லை, எத்தனை பேரின் விழாவில் நாங்களும் அப்படி எழும்பி வந்திருக்கிறோம்! கடைசியில் 180 பிரதிகள் கட்டிலுக்குக் கீழே போயின. அதில் பாதியைக் கறையான் வாசித்தது.

இரண்டாவது புத்தகத்துக்குச் சீட்டுப் போட்டுக் காசு சேர்த்தோம். 2022 மார்ச் வந்தது. ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதமளவில் 350ஐத் தாண்டியது. மேல் மாகாணத்தில் தாள் இல்லை என்று தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்த காலம் அது. அச்சகத்துக்காரர் விலை சொல்லிவிட்டு, "இது இண்டைக்குப் பின்னேரம் மட்டும்தான் சேர்" என்றார். சேர்த்த காசு பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாப்பாவின் மருந்துக்கும் போனது. போனதில் கவலையில்லை, அதற்குத்தான் காசு. ஆனால் ஒரு நாள் இரவு, கரண்ட் இல்லாத நேரம், எங்களில் ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு, "இனி எழுதிறல்ல. எழுதி என்ன கிடைச்ச?" என்றார்.

மற்றவர் வாதாடவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, அந்த வருடம் எழுதினது எல்லாவற்றையும் ஒன்றொன்றாகப் பதிந்தார். எரிபொருள் வரிசையில் நின்று எழுதிய கவிதை ஒன்று. முடியாத கதை இரண்டு. பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்தது மூன்று. எல்லாமாகப் பதினொன்று. பதினொன்றும் சின்னதுதான், ஆனால் "ஒண்டும் இல்ல" என்று சொல்ல முடியவில்லை.

அப்படித் தொடங்கியது இந்தக் கணக்கு. முழுதாக முடித்ததைப் பேனாவால் எழுதுவோம். சந்தேகமானதைப் பென்சிலால். இந்த விதியால்தான் ஒவ்வொரு வருடமும் சண்டை.

இந்த வருடச் சண்டை ஒரு கடிதத்துக்காக. பத்தாம், பதினோராம் வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை என்று பெற்றோர் சார்பில் மேலிடத்துக்கு இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். நாலு தரம் திருத்தி எழுதிய கடிதம். நாலு மாதம் கழித்து ஆசிரியர் வந்தார். "இது இலக்கியமா?" என்றார் ஒருவர். "இந்த வருஷம் எழுதினதுல இத ஒண்டத்தான் கடைசி வரி வரைக்கும் வாசிச்சிருக்காங்க" என்றார் மற்றவர். பென்சிலால் பதிந்தோம்.

ஞாயிறுப் பத்திரிகை ஒன்றில் ஒரு கதை வந்தது. மூன்று பந்தியை வெட்டி, பெயரிலும் ஒரு எழுத்தைப் பிழையாகப் போட்டிருந்தார்கள். இருந்தும் ஐந்து பிரதி வாங்கினோம். கடைக்கார நானா காசை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தி, "ஆர் சேர் மௌத்து?" என்று கேட்டார். ஒருவர் ஐந்து பேப்பர் வாங்குவதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான். இது பேனாவால்.

இனி, நாங்கள் எழுத வந்த விஷயம்.

போன வருடம் வகுப்பில் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திர'த்தைப் பற்றிப் படிப்பித்தோம். 1885இல் வந்தது, இலங்கையின் முதல் தமிழ் நாவலாகப் பலரும் கொள்வது. ஒரு மாணவி கையை உயர்த்தி, "அதுக்கு முந்தி எங்கட ஊர்ல கதை சொல்ல, பாட்டுக் கட்ட ஆள் இருக்கல்லையா?" என்று கேட்டாள். இருந்தார்கள் என்று சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. இருந்தார்கள் என்ன, எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கிறார்.

தொண்ணூறைத் தொட்ட மூத்தம்மா. எழுதவோ வாசிக்கவோ தெரியாது, குர்ஆன் மட்டும் ஓதுவார். பாய் இழைக்கும்போதும் நெல்லுக் குத்தும்போதும் பாடிய கவிகள் அவரிடம் கிடந்தன. அஸருக்குப் பிறகு போய் உட்காருவோம். முதல் மூன்று தடவை போனில் பதிந்தோம். போன் பழுதாகி எல்லாம் போனது. திரும்பப் போய் அதே கவிகளைக் கேட்டபோது மூத்தம்மா தலையாட்டினார். "அது அண்டைக்கு வந்த கவி மகன். இண்டைக்கு வராது."

அன்றிலிருந்து கொப்பியும் பேனாவும்தான். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்வார். ஒரு சொல் மாறினாலும் பாக்கு இடிப்பதை நிறுத்திவிடுவார். ஒரு தரம், எங்களுக்குப் புத்தகத் தமிழ்ப் பழக்கத்தில் "இருக்கிறது" என்று வாசித்துவிட்டோம். "ஆர் அப்படிச் சொன்ன? நானா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் எங்கள் எழுத்தை யாரும் அவ்வளவு கூர்மையாகத் திருத்தவில்லை.

31 கவி சேர்ந்தது. நாங்கள் 50 என்று நினைத்திருந்தோம். பரீட்சைத் தாள் திருத்தும் வேலையில் ஒரு மாதம் போகாமல் இருந்தோம். அந்த மாதத்தில் மூத்தம்மா மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா வீட்டில் எங்கள் இருவராலும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கொப்பியை வெளியிடலாமா என்று பிறகு பிள்ளைகளிடம் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். சில கவிகள் மச்சானை நினைத்துப் பாடியவை. "உம்மாட பேரு கெட்டுப் போகும் சேர்" என்றார் மகன். எங்களுக்கு அதில் கெட்டுப்போக ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவர்களுடைய உம்மா. கொப்பி எங்கள் அலுமாரியில் இருக்கிறது. இவ்வளவையும் எழுதுவதற்கும் மகளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

வட்டிலப்பம் அவிந்துகொண்டிருந்தபோது இதை எதால் பதிவது என்று சண்டை வரும் என்று எதிர்பார்த்தோம். அச்சில் வராது, எங்களுடைய சொந்த எழுத்தும் இல்லை, முழுதாகவும் முடியவில்லை. விதிப்படி பென்சில்தான். ஒருவர் பேனாவை எடுத்து "31 கவி" என்று எழுதினார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

மொத்தம் ஒன்பது. ஐந்து பேனா, நாலு பென்சில். அல்ஹம்துலில்லாஹ். போன வருடத்தைவிட இரண்டு குறைவு, வட்டிலப்பத்துக்கு முட்டை மட்டும் குறைக்கவில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டிலோ ஒழுங்கையிலோ கவி தெரிந்த மூத்தம்மாமார், அப்பாமார் இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வெளியிடுவதா இல்லையா என்பதை நீங்களே முடிவு செய்யலாம், அதில் தலையிட மாட்டோம். நோன்பு காலத்தில் காலை பத்து மணிக்குப் பிறகு வரலாம். பெருநாள் முடிந்தால் அஸருக்குப் பிறகு. போன் கொண்டுவர மாட்டோம், கொப்பியோடுதான் வருவோம்.