பெயர் கிடைத்த கறுப்புத் திராட்சை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் இல்லை. இதுவரை குடித்த வைன் எல்லாம் சேர்த்தால் அரைக் கிளாஸ் வரும். அதுவும் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், மாமா வீட்டில்.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமா அங்கே போய் இருபது வருடத்துக்கு மேல். ஒரு உணவகத்தில் சமையல் வேலை. போன விடுமுறைக்கு நான் போயிருந்தபோது மேசையில் ஒரு சிவப்பு வைன் போத்தலை வைத்தார். 'நீரோ தாவோலா' என்று எழுதியிருந்தது. நான்தான் வணிகவியல் படிக்கிறேனே, முதலில் விலையைக் கேட்டேன். சொன்னார். "இவ்வளவு மலிவா? அப்ப நல்ல சாமான் இல்லையோ மாமா?" என்று வாயை விட்டுவிட்டேன்.

மாமாவின் முகம் மாறிவிட்டது. "உதின்ர கதை தெரியாமல் கதைக்காதை."

கதை இதுதான். நீரோ தாவோலா என்றால் 'அவோலாவின் கறுப்பு'. அவோலா, சிசிலியின் தென்கிழக்கே சிரகூசா பக்கம் உள்ள ஊர். அங்கே வெயில் அதிகம். திராட்சை நன்றாகப் பழுக்கும். வைன் கடும் நிறமாகவும் வீரியமாகவும் வரும். வடக்கே குளிர்ப் பகுதிகளின் வைன் சில வருடங்களில் வெளிறி, மெலிந்து போகும். அதைத் தேற்ற சிசிலியின் வைன் மொத்தமாகக் கப்பலேறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலொக்செரா என்ற பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது தேவை இன்னும் கூடியது. 'கலப்பதற்கான வைன்' என்பதுதான் அதற்கு இருந்த பெயர். போத்தலிலோ வேறு ஊர்ப் பெயர்.

இந்தத் திராட்சையை மட்டும் வைத்து டூக்கா டி சாலாபருட்டா நிறுவனம் 'டூக்கா என்ரிக்கோ' வைனைச் செய்தது 1984 அறுவடையில்தான். பிறகு 2005இல், நீரோ தாவோலாவையும் ஃப்ரப்பாட்டோவையும் கலந்து செய்யும் 'செரசுவோலோ டி வித்தோரியா' இத்தாலியின் மிக உயர்ந்த தரச்சான்றைப் பெற்றது. சிசிலியில் அதைப் பெற்ற முதல் வைன் அது.

அன்று மாமா செய்தது கப்பொனாத்தா. பொரித்த கத்தரிக்காய், தக்காளி, செலரி, ஒலிவ், கேப்பர், கடைசியில் வினாகிரியும் சீனியும். புளிப்பும் இனிப்புமான சாப்பாட்டோடு பல சிவப்பு வைன்கள் சப்பென்று ஆகிவிடுமாம். இதில் பழச்சுவையோடு புளிப்பும் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. கத்தானியா ஊரின் பாஸ்தா அல்லா நோர்மாவுக்கும் இதே காரணம்தான். அதிலும் கத்தரிக்காய், தக்காளி, மேலே துருவிய உப்பு ரிக்கொட்டா. வாட்டிய சொசேஜ், ஆட்டிறைச்சி, முற்றிய பாற்கட்டி எல்லாம் கேட்கவே வேண்டாம். அந்தக் கொழுப்பு வைனின் துவர்ப்பை மெதுவாக்கிவிடும். சூரை மீனுக்கு மட்டும் மெல்லிய செரசுவோலோ, கொஞ்சம் குளிரவைத்து.

"எங்கட இறைச்சிக் கறிக்கு?" என்று கேட்டேன்.

மாமா சிரித்துவிட்டார். உறைப்போடு இதைக் குடித்தால் மதுவின் காரமும் சேர்ந்து வாய் இரண்டு மடங்கு எரியுமாம்.

அடுத்த நாள் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். மெனுவில் வைனுக்கு ஊர், திராட்சை, வருடம் எல்லாம் போட்டிருந்தது. கப்பொனாத்தாவுக்கு விலை மட்டும். செய்த கை யாருடையது என்று இல்லை. உள்ளே அடுப்படியில் நின்ற மாமாவிடம் அதைச் சொன்னேன். "தட்டு வெறுமையாத் திரும்பி வருது, காணும்" என்றார். எனக்குக் காணவில்லை.

மலிவு என்று நான் சொன்னது வைனைத்தான். ஆனால் மாமாவுக்கு ஏன் அப்படி முகம் மாறியது என்று அப்போதுதான் விளங்கியது. சந்தைப்படுத்தல் பாடத்தில் பெயரின் பெறுமதி பற்றி எத்தனையோ பக்கம் படித்துப் பாஸாகியும் இருக்கிறேன். பெயர் போடாமல் வேலை வாங்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் அதில் வரவில்லை.