பேணிக்குள் இருந்த படங்களும் சத்தம் போடாத மடிக்கணினியும்

யூன் மாதம் பிறந்தால் லண்டன் தமிழ் வீடுகளில் இரண்டு கதைதான். ஒன்று ரிக்கற் விலை. மற்றது, "ஊருக்குக் கொண்டுபோக என்ன லப்டொப் நல்லம்?" என்பது. பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில் மூன்று கிழமை ஊரில் நின்று, ஆயிரம் படம் எடுத்து, அதை அங்கேயே திருத்திக் குடும்ப வட்ஸ்அப்பில் போட வேண்டும் என்ற ஆசை எங்கள் வயதுப் பெற்றோர் எல்லோருக்கும் இருக்கிறது. என்னிடம் கேட்டால் ஊரில் இருக்கிற வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். மடிக்கணினி பிறகு.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் கொக்குவில், கோண்டாவில் தாண்டி இணுவில் வரும். செம்மண், வாழைத்தோட்டம், கிணற்றடி. அம்மம்மாவின் வீட்டில் இரவில் எல்லோரும் ஒரே ஹோலில்தான் படுப்போம். அம்மம்மா கட்டிலில், நாங்கள் பாயில். கரண்ட் இருக்கும்வரை மேலே காற்றாடி சுற்றும். அது நின்றால் ஒழுங்கை முனையில் குரைக்கிற நாய்கூடத் தெளிவாகக் கேட்கும். அந்த அமைதிக்குள் ஒரு மடிக்கணினியின் விசிறி கிளம்பினால் என்ன ஆகும் என்று முந்தைய பயணத்தில் தெரிந்துகொண்டோம். இவர் வேலைக்குப் பாவிக்கும் பாரமான மெஷின் அது. நூறு படத்தை ஒன்றாக ஏற்றுமதி செய்யக் கொடுத்ததும் மூச்சிரைக்கத் தொடங்கியது. அம்மம்மா எழும்பி இருந்து கேட்டா: "உது ஏன் பிள்ளை இப்பிடி இளைக்குது? சுகமில்லையோ?"

சிரித்தோம். ஆனால் விசயம் தூக்கத்தோடு முடியவில்லை. அம்மம்மாவிடம் ஒரு பழைய பிஸ்கட் பேணி இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவ கையில் எடுத்துக்கொண்டு நடந்த சில பொருட்களில் அதுவும் ஒன்று. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் அல்பங்கள் ஒன்றும் இல்லை. பேணிக்குள் இருந்தவைதான் மிச்சம். நூற்றி முப்பத்தெட்டுப் படங்கள். பின்பக்கம் பெயர் எழுதியவை இருபதுகூட இல்லை. மற்ற முகங்களின் பெயர்கள் எண்பத்தெட்டு வயது அம்மம்மாவின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கின்றன.

ஆகவே ஒவ்வொரு படமாகத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அவ சொல்வதை ஃபோனில் பதிவு செய்கிறோம். ஃபோன் மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்திலேயே இருக்கும். முந்தைய பயணத்துப் பதிவுகளில் அவ குரலைவிட விசிறிதான் உரத்துக் கேட்கிறது. தணிந்த குரலில் கதைக்கிறவ. பெயர் வருகிற இடத்தில் இன்னும் தணிப்பா.

அதனால் இந்தமுறை எங்கள் முதல் நிபந்தனை சத்தம் கூடாது என்பது. கடையில் நின்று இதைச் சோதிக்க முடியாது, கடைச் சத்தத்தில் எல்லாமே அமைதியாகத்தான் இருக்கும். இணையத்தில் வாங்கினால் பிரித்தானியாவில் பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் திருப்பிவிட உரிமை இருக்கிறது. அந்த நாட்களில் பிள்ளைகள் படுத்த பிறகு அவர்களின் அறையிலேயே வைத்து நூறு படத்தை ஏற்றுமதி செய்துபாருங்கள். பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். வாங்கப் போகிறோம் என்றதும் எங்கள் மாமா, "கேமிங் லப்டொப் எடு, அதுதான் பலம்" என்றார். பலம்தான். இரண்டரைக் கிலோ, செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், ஹெயர் டிரையர் மாதிரி ஒரு சத்தம்.

விசிறியே இல்லாத மடிக்கணினிகள் அதிகம் இல்லை. 2020 நவம்பரில் வந்த எம்1 மக்புக் எயர் தொடங்கி அந்த வரிசையில் வருபவற்றுக்கு விசிறி கிடையாது. நாங்கள் எடுத்தது 2022இல் வந்த எம்2, புதுப்பித்து விற்கப்பட்ட ஒன்று. எடை 1.24 கிலோ. விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்றேகால் கிலோவுக்குள் நல்ல மெஷின்கள் உண்டு. அவற்றில் பெரும்பாலும் மெல்லிய விசிறி இருக்கும். அமைப்புகளில் அமைதிப் பயன்முறை இருக்கிறதா என்று பாருங்கள், வேலை கொஞ்சம் மெதுவாகும், பரவாயில்லை. இரண்டாம் கை மக் வாங்குவோர் நினைவகத்தை மறக்காமல் கேளுங்கள். 2024 ஒக்டோபருக்கு முன் விற்ற அடிப்படை எயரில் 8 ஜிபிதான். படத்திருத்தத்துக்கு 16 வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவின் ரா கோப்பு ஒன்று ஏறக்குறைய 25, 30 எம்பி வரும். ஆயிரம் படம் என்றால் 30 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 512 ஜிபி சேமிப்பு இருந்தால் மூன்று கிழமைக்குக் கவலை இல்லை. எயரில் கமரா அட்டை போடத் துளை கிடையாது, சின்ன அட்டை வாசிப்பான் ஒன்று பையில் இருக்கட்டும்.

திரையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மலிவான திரைகள் சில, சாதாரண எஸ்ஆர்ஜிபி நிறங்களையே முழுதாகக் காட்டாது. கூறைச் சேலையின் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், அதை நம்பி நீங்கள் சிவப்பைக் கூட்டினால் மற்றவர்களின் ஃபோனில் அது பத்தி எரியும். 'எஸ்ஆர்ஜிபி 100 வீதம்' என்று விபரத்தில் இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் விறாந்தையில் இருந்து பார்க்க 400, 500 நிட்ஸ் பிரகாசமும் தேவை.

திரை ஏன் முக்கியம் என்று இந்தமுறை நன்றாக விளங்கியது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கிணற்றுக்கட்டில் பாவாடை சட்டையோடு ஒரு பெட்டை. வீட்டில் எல்லோரும் அதை அம்மம்மா என்றே சொல்லி வந்தோம். லண்டனில் அம்மா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியும் வைத்திருக்கிறா. அம்மம்மாவுக்குக் கண் மங்கல், அந்தச் சின்னப் படத்தை அவ பார்த்தே கனகாலம். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து அதைக் கமராவால் படமெடுத்து, மங்கலை நீக்கித் திரை முழுக்கக் காட்டினேன். அம்மம்மா கிட்ட வந்து காதைப் பார்த்தா.

"இது நானில்லை. தங்கச்சி. இந்தத் தோடு அவளின்ர. சட்டை மட்டும் என்ர."

தங்கச்சி பதினாலு வயதில் நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனா. அவவின் படம் ஒன்றும் இல்லையென்றுதான் இத்தனை காலமும் எல்லோரும் நம்பியிருந்தோம். என் மகள் மெல்ல, "பூட்டி, அவவின்ர பேர் என்ன?" என்று கேட்டாள். அம்மம்மா பேரைச் சொன்னா. பிறகு கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பதிவில் அந்தப் பேரும் இருக்கிறது, பிறகு வருகிற கிணற்றுக் கப்பியின் கிறீச்சும் இருக்கிறது.

பயணத்துக்கு மற்ற விசயங்கள் சுருக்கமாக. பவர் பாங்கைக் கையோடு கொண்டுபோகும் பையில்தான் வைக்க வேண்டும், 100 வட் ஹவருக்குள் இருந்தால் விமானத்தில் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் பாங்க் 74 வட் ஹவர், எங்கள் எயரை ஒருதரம் நிரப்பும். இலங்கையில் புதிய கட்டடங்களில் எங்கள் பிரித்தானிய பிளக் அப்படியே பொருந்தும். இணுவில் வீடு மாதிரிப் பழைய வீடுகளில் உருண்டைக் கம்பி பிளக்தான், அதற்கான அடப்டரை யாழ்ப்பாணக் கடைகளிலேயே வாங்கலாம்.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவு போன அன்று மடிக்கணினியும் கூட வந்தது. தடித்த பிளாஸ்டிக் பைக்குள் சுற்றித்தான். உப்புத் தண்ணீர் தெறிக்கிற வள்ளம். பவளக்கல் மதில்கள், மட்டக் குதிரைகள், பெருக்கு மரம் எல்லாம் பார்த்துவிட்டு மர நிழலில் இருந்து படங்களை இரண்டாவது வட்டுக்கு நகல் எடுத்தோம். மகன் குதிரைப் படங்களைத் தானே தெரிந்தெடுத்தான், முப்பதில் இருபத்தொன்பதும் அவனுக்கு நல்ல படம்.

விசிறி இல்லாத மெஷினுக்கு ஒரு குறை உண்டு, சொல்லாமல் விடக்கூடாது. சூடு ஏறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 35 பாகைக்குள் பாவிக்கும்படிதான் தயாரித்தவர்களும் சொல்கிறார்கள், யாழ்ப்பாணத்துப் பகல் அதற்குப் பக்கத்தில் வரும். மெத்தையில் வைக்க வேண்டாம், மரப்பலகையில் வையுங்கள். பாரமான வேலையை விடியக்காலை ஐந்து மணிக்குக் கொடுங்கள். அந்த நேரம் அம்மம்மாவும் எழும்பியிருப்பா, பிளேன்ரீயும் கிடைக்கும்.

நூற்றி முப்பத்தெட்டில் நூற்றிப் பன்னிரண்டுக்குப் பெயர் வந்துவிட்டது. மிச்சத்துக்கு அம்மம்மா, "உதுகளைக் கனடாவில சின்னம்மாட்டைக் கேள், அவளுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டா. திருத்திய படங்களைச் சின்னம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன். இதுவரை நாலு பேரைச் சொல்லிக் குரல்பதிவு அனுப்பியிருக்கிறா. லண்டனில் அம்மா ஹோலில் இருந்த படத்தைக் கழற்றி, பின்பக்கத்தில் தங்கச்சியின் பெயரை எழுதி, திரும்ப அதே ஆணியில் மாட்டியிருக்கிறா.