'இன்றிரவு' என்னும் சொல்லும் காத்திருந்தவனின் முறையும்

2010 ஜனவரி 12 அன்று கோனன் ஓ'பிரையன் ஓர் அறிக்கை வெளியிட்டார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1954 முதல் ஒளிபரப்பாகிவரும் பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சியான 'டுநைட் ஷோ'வின் தொகுப்பாளராக அவர் பொறுப்பேற்று ஏழு மாதங்களே ஆகியிருந்தன. இரவு 11.35க்குத் தொடங்கும் அந்நிகழ்ச்சியை 12.05க்குத் தள்ளிவைக்க என்பிசி நிறுவனம் விரும்பியது. மாற்றம் அரைமணி நேரம்தான். அதற்கு உடன்பட அவர் மறுத்தார். நள்ளிரவைக் கடந்து மறுநாளுக்குள் சென்றுவிட்டால் அது 'டுநைட் ஷோ'வாக இராது என்பது அவர் வாதத்தின் சாரம்.

மொழியியல் நோக்கில் இவ்வாதம் எளிதில் நிற்காது. 'இன்றிரவு' என்பது காலச்சுட்டு. பேசுபவன் நிற்கும் பொழுதைக் கொண்டே அதற்குப் பொருள் அமையும். நாட்காட்டி நள்ளிரவில் மாறினாலும், விழித்திருப்பவனின் 'இன்றிரவு' அவன் உறங்கும்வரை நீள்கிறது. தமிழ் இலக்கண மரபின் சிறுபொழுதுப் பகுப்பிலும் 11.35, 12.05 ஆகிய இரண்டும் ஒரே யாமத்துள் அடங்கும். ஆயினும், அமெரிக்கப் பார்வையாளர் பலர் அந்த வாதத்தை உடனே ஏற்றுக்கொண்டனர். அவர்கள் காதில் விழுந்தது காலக் கணக்கன்று. அதன் அடியில் இருந்த முறையீடு.

அம்முறையீட்டுக்குப் பின்னணி உண்டு. 30 ஆண்டுகள் அந்நிகழ்ச்சியை நடத்திய ஜானி கார்சன் 1992இல் விலகியபோது, அடுத்த இடம் தமக்கே என்று எதிர்பார்த்தவர் டேவிட் லெட்டர்மன். என்பிசி ஜே லெனோவைத் தேர்ந்தது. லெட்டர்மன் 1993இல் சிபிஎஸ் நிறுவனத்துக்குச் சென்று அதே நேரத்தில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார். அப்படியொரு பிளவு மீண்டும் நேராதிருக்க, 2009இல் லெனோவுக்குப் பின் கோனன் பொறுப்பேற்பார் என்று 2004இலேயே என்பிசி அறிவித்துவிட்டது. கோனன் ஐந்தாண்டுகள் காத்திருந்தார். பின் நியூயார்க்கை விட்டுக் குழுவினருடன் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, 2009 ஜூன் 1 அன்று தொடங்கினார்.

ஆனால் லெனோவையும் இழக்க விரும்பாத நிறுவனம், அதே ஆண்டு செப்டம்பரில் அவருக்கு இரவு 10 மணிக்கு நாள்தோறும் ஒரு நிகழ்ச்சி கொடுத்தது. அது எதிர்பார்த்த கூட்டத்தை ஈர்க்கவில்லை. அதனைத் தொடர்ந்து 11 மணிக்கு வரும் உள்ளூர்ச் செய்திகளுக்கும் பார்வையாளர் குறைந்தனர். அச்செய்திகளின் விளம்பர வருவாயை நம்பியிருந்த உள்ளூர் நிலையங்கள் போர்க்கொடி உயர்த்தின. லெனோவை 11.35க்குக் கொண்டுவந்து கோனனைப் பின்னுக்குத் தள்ளும் திட்டம் அவ்வாறு பிறந்தது.

எதிர்வினை நிறுவனம் எதிர்பாராத வடிவில் வந்தது. 'நான் கோக்கோவின் பக்கம்' என்ற வாசகம் தாங்கிய சுவரொட்டி இணையமெங்கும் பரவியது. கோக்கோ என்பது கோனனின் செல்லப்பெயர். படப்பிடிப்பு வளாகத்தின் முன் கொட்டும் மழையில் இரசிகர்கள் திரண்டு முழக்கமிட்டனர். போட்டி நிகழ்ச்சிகளின் தொகுப்பாளர்களும் இரவுதோறும் லெனோவைச் சாடினர். இறுதியில் ஏறத்தாழ 4.5 கோடி டாலர் உடன்பாட்டின்பேரில் கோனன் வெளியேறினார். அதில் ஒரு பகுதி அவருடைய பணியாளர்களுக்குச் சென்றது. ஜனவரி 22 அன்று ஒளிபரப்பான கடைசி நிகழ்ச்சியை ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தனர். வழக்கமாகப் பார்த்தோரைவிட இது பல மடங்கு.

சிந்திக்க வேண்டிய முரண் இங்கேதான் இருக்கிறது. அந்த ஒரு கோடிப் பேர் அதற்கு முந்தைய மாதங்களில் 11.35க்கு எங்கே இருந்தனர்? 2009 கோடையிலேயே கோனனின் நிகழ்ச்சி லெட்டர்மனுக்குப் பின்தங்கத் தொடங்கிவிட்டது. நேரத்தைக் காக்கப் போராடியவர்களுள் பலர், அந்த நேரத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்களல்லர். அமர்ந்தவர்களோ பெரும்பாலும் பேசவில்லை. 2010 மார்ச் 1 அன்று லெனோ திரும்பியதும், நிகழ்ச்சி மீண்டும் லெட்டர்மனை முந்தியது. வாயால் ஓரணியும் கண்ணால் மற்றோர் அணியும் வென்றன.

இதனை இரசிகர்களின் போலித்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அது பிழையான வாசிப்பு. முதலாவதாக, அவர்கள் பார்த்தார்கள். மறுநாட்காலையில் கணினியில், துண்டுகளாக, பதிவுக்கருவியில் பார்த்தார்கள். அவர்களுடைய 'இன்றிரவு' வேறொரு பொழுதில் நிகழ்ந்தது. கூறுபவனின் காலமும் கேட்பவனின் காலமும் பிரிந்துவிட்ட நிலையில், நிறுவனத்தின் அளவுகோல் ஒரே ஓர் 'இன்றிரவை' மட்டுமே முதன்மையாக எண்ணிக்கொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. 2009 அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. படித்துமுடித்து வேலைக்குக் காத்திருந்த இளந்தலைமுறைக்கு இக்கதை வெறும் தொலைக்காட்சிச் செய்தியன்று. வரிசையில் நில் என்றார்கள், நின்றான். முறை வந்ததும் இருக்கையில் இருந்தவர் எழுந்து, இரண்டடி தள்ளி, மீண்டும் அமர்ந்துகொண்டார். கோடிக்கணக்கான டாலர் பெற்ற ஒருவரைத் தம்மில் ஒருவராகக் கருத இளைஞர்களைத் தூண்டியது அந்த ஒற்றுமைதான். அவர்கள் காத்தது ஒளிபரப்பு நேரத்தையன்று. பொதுவில் கொடுக்கப்பட்ட ஒரு வாக்கை.

லெனோவின் தரப்பையும் கூறாவிட்டால் இக்கணக்கு நேர்மையாகாது. 2004இல் அவர் பார்வையாளர் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்தார். வெற்றிபெற்றுக் கொண்டிருந்தவரிடம் விலகும் நாளைக் குறித்துக் கொடுத்தது நிறுவனம். அவருடைய பார்வையாளர்களுக்கும் ஓர் இழப்பு நேர்ந்தது. நாள் முழுதும் உழைத்துக் களைத்து, உறங்குமுன் பழகிய முகத்தைப் பார்த்துச் சிரிக்க விரும்பியோர் அவர்கள். சுவரொட்டி அச்சிடுவது அவர்களின் வழக்கமன்று. அவர்களின் மௌனத்தை இசைவாகவும் எடுத்துக்கொள்ள இயலாது, அலட்சியமாகவும் எடுத்துக்கொள்ள இயலாது. எதிர்வினையை ஆராய்வோர் பேசியவர்களின் சொற்களை மட்டும் தரவாகக் கொள்ளும்போது, இப்பெருங்கூட்டம் ஆய்விலிருந்தே காணாமற்போகிறது.

15 ஆண்டுகளுக்குப் பின் இக்கேள்வி வேறு வடிவில் திரும்பியது. 2025 ஜூலை 17 அன்று, லெட்டர்மன் தொடங்கி ஸ்டீபன் கோல்பேர் தொடர்ந்த 'லேட் ஷோ' 2026 மே மாதத்துடன் முடிவடையும் என்று அறிவிக்கப்பட்டது. தம்மை இன்னொருவர் வந்து மாற்றப்போவதில்லை, நிகழ்ச்சியே இல்லாமற்போகிறது என்று கோல்பேர் கூறியபோது அரங்கிலிருந்தோர் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்நேரத்து நிகழ்ச்சிகளுள் முதலிடம் வகித்தது அதுவே. முடிவு முற்றிலும் நிதி சார்ந்தது என்றது சிபிஎஸ். அதன் தாய் நிறுவனம் அதிபர் டிரம்புடன் செய்துகொண்ட 1.6 கோடி டாலர் உடன்பாட்டைக் கோல்பேர் மூன்று நாட்களுக்கு முன்புதான் கண்டித்திருந்தார் என்பதைப் பார்வையாளர்கள் சுட்டினர்.

அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை ஏபிசி நிறுத்திவைத்தபோது எதிர்வினையின் மொழி மாறியிருந்தது. பார்வையாளர் பலர் தாய் நிறுவனமான டிஸ்னியின் இணையச் சேவைக்கான சந்தாவை நீக்கி, அதனைப் படமெடுத்துப் பொதுவில் இட்டனர். செப்டம்பர் 23 அன்று கிம்மல் திரும்பினார். உள்ளூர் நிலையங்கள் பல அன்று ஒளிபரப்ப மறுத்தும் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். பலதரப்பு அழுத்தங்கள் இருந்தமையால் இத்திருப்பத்துக்குப் பார்வையாளரை மட்டுமே காரணமாக்க இயலாது. ஆயினும் 2010இல் மழையில் நின்றவர்களிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: நிறுவனம் தன் கணக்கேட்டில் எழுதியே ஆகவேண்டிய ஓர் எண்.

செல்லாத நூலகம் மூடப்படும் செய்தி கேட்டு வருந்துவோர் எல்லா ஊரிலும் உண்டு. அவ்வருத்தம் பொய்யன்று. தான் போகாவிட்டாலும் அங்கே விளக்கு எரியவேண்டும் என்று விரும்புவது மனித இயல்பு. ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை. கோனன் 2010 ஏப்ரலில் நகரந்தோறும் மேடை நிகழ்ச்சி நடத்தப் புறப்பட்டபோது, 11.35க்கு இலவசமாகக் கிடைத்தவரைக் காணாதவர்களும் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கை நிறைத்தனர். அவர்களின் அன்பு மெய்யானது. தாமதமாக வந்ததுதான் அதன் குறை.