தொண்ணூற்றாறு ஆடும் ஒரு டியூப்லைட்டும்

நம்மூர்க் கோயில் டியூப்லைட்டைப் பார்த்திருப்பீர்கள். நாலடி நீளம். அதில் மூணரை அடிக்கு 'உபயம்: இன்னார் மளிகை' என்று சிவப்பு பெயின்ட். மிச்சம் அரையடியில் கசிகிற வெளிச்சத்தில்தான் நாம் சாமி கும்பிட வேண்டும்.

சிரிக்காதீர்கள் சார்... என் பிழைப்பே அந்த மூணரை அடியில்தான் ஓடுகிறது! மார்க்கெட்டிங் ஆசாமி நான். உபயத்துக்கு எங்கள் பாஷையில் ஸ்பான்சர்ஷிப் என்று பெயர். பெயின்ட் அடிப்பதற்கு 'விசிபிலிட்டி'.

டெல்டா மாவட்டங்கள் என் பொறுப்பு. மாதத்தில் பத்து நாள் தஞ்சாவூர் வாசம். டீலர்கள் 'அஞ்சு மணிக்கு வாங்க' என்றால் ஏழு மணி என்று அர்த்தம். இடைப்பட்ட நேரத்துக்கு எனக்குப் பெரிய கோயில். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம்.

முதலில் கேரளாந்தகன் திருவாசல். அடுத்து ராஜராஜன் திருவாசல். முதலாவது, சேரனை ஜெயித்த கணக்கில் வந்த பட்டப்பெயர். இரண்டாவது, ஊரறிந்த பெயர். நுழைகிற இடத்திலேயே ரெண்டு ஆர்ச்! 'ராஜா நம்ம டிபார்ட்மென்ட்' என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்க் கல்வெட்டுகளை விசாரித்த பிறகுதான் அவர் எனக்கெல்லாம் எம்.டி. என்று புரிந்தது.

விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வந்தால் வரி வரியாக எழுத்து. 'நான் கொடுத்தது, என் அக்கா கொடுத்தது, என் தேவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டு' என்று ராஜராஜன் உத்தரவு. டைட்டில் ஸ்பான்சர், அசோசியேட் ஸ்பான்சர், கோ-ஸ்பான்சர் என்று நாங்கள் இன்றைக்குப் பிரிக்கிற அதே வரிசை. அக்கா என்றால் குந்தவை. 1010-ல் கலசம் ஏறிய கோயிலில், அதற்கு அப்போதே ரேட் கார்டு!

ஆனால் ஒரு வித்தியாசம். எங்கள் பேனரில் கொடுத்தவன் பெயர் மட்டும் இருக்கும். இங்கே வாங்கினவன் பெயரும் இருக்கிறது. ஆடல் மகளிர் நானூறு பேர். ஒவ்வொருத்தர் பெயரும், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் கல்லில். ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் நூறு கலம் நெல். கோயில் கட்டிய தச்சருக்கு ராஜராஜப் பெருந்தச்சன் என்றும், நாவிதருக்கு ராஜராஜப் பெருநாவிசன் என்றும் பட்டம். தன் பிராண்டை வேலைக்காரர்களுக்கே விட்டுக் கொடுத்த கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விளக்குக் கணக்குதான் உச்சம். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு. இடையரிடம் ஒப்படைத்தால் அவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் குட்டி வளர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்பதால் அவற்றுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். எந்த இடையரிடம் எத்தனை ஆடு என்பதும் கல்லில் இருக்கிறது. அளக்கிற அளவைக்கு ஆடவல்லான் என்று சாமி பெயர். அளவில் கை வைத்தால் சாமியிடமே கை வைத்த மாதிரி... என்ன ஆடிட் பாருங்கள்!

இப்போது நம் காலத்துக்கு வாருங்கள். இந்திய கிரிக்கெட் டீமின் சட்டையைப் பாருங்கள். சஹாரா, ஸ்டார், ஓப்போ, பைஜூஸ், ட்ரீம் லெவன் என்று நெஞ்சில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குச் சட்டம் தடை போட, கடைசியாகச் சொன்ன கம்பெனி விலகியது. செப்டம்பரில் ஆசியக் கோப்பையை நெஞ்சில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் ஆடி ஜெயித்தார்கள். பிறகு அப்போலோ டயர்ஸ் வந்தது. கோடி கோடியாகக் கொட்டிய பெயர்களில் எத்தனை உங்களுக்கு ஞாபகம் இருந்தது? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்!

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? விஷயத்துக்கு வருகிறேன்.

பக்கத்து ஊர் அரசுப் பள்ளி பி.டி. மாஸ்டர் ஒருவர் என்னைத் தேடி லாட்ஜுக்கே வந்தார். பெண்கள் கபடி டீம். பன்னிரண்டு பேர். நான் வழக்கம்போல் பேனாவை எடுத்து, "பனியன் சைஸ் சொல்லுங்க சார்" என்றேன்.

"பனியனெல்லாம் வேணாம் சார். போன வருஷமே நாலு பேர் குடுத்துட்டாங்க. காலையில புள்ளைங்க வெறும் வயித்தோட பிராக்டிஸுக்கு வருதுங்க. ஆளுக்கு ஒரு முட்டை குடுக்க முடியுமா?"

கணக்குப் போட்டேன். முட்டை ஆறு ரூபாய். பன்னிரண்டு முட்டை எழுபத்திரண்டு. மாதம் 25 நாள் பிராக்டிஸ் என்றால் 1,800. வருஷத்துக்கு 21,600 ரூபாய். அந்த மாதம் மூன்று நாள் பொருட்காட்சியில் வாசல் ஆர்ச் வைக்க ஹெட் ஆபீஸ் எனக்கு ஒதுக்கியிருந்தது அறுபதாயிரம். நாலாம் நாள் அந்த ஆர்ச் எந்த லாரியில் போகும் என்று எனக்கே தெரியாது.

'ஆர்ச்சைக் கொஞ்சம் சின்னதாக்கிவிட்டு, ஒரு வருஷ முட்டை' என்று புரபோசல் எழுதி அனுப்பினேன். அரை மணியில் மேனேஜர் போன்.

"என்னய்யா இது? முட்டையில நம்ம லோகோ தெரியுமா?"

"தெரியாது சார். ஆனா புள்ளைங்களுக்குத் தெரியும். அவங்க வீட்டுக்குத் தெரியும். அந்த ஊர்ல நமக்கு ரெண்டு டீலர் இருக்காங்க சார்."

"மைலேஜ் எப்படிய்யா காட்டுவே?"

"மாசாமாசம் பன்னிரண்டு பேர் வெயிட் எடுத்து அனுப்பறேன் சார்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "ஆறு மாசத்துக்குப் போடு. பார்ப்போம்" என்றார்.

ஆறு மாதம் என்பது சாவா மூவாக் கணக்கில் சேராதுதான். மேனேஜர் என்ன, ராஜராஜனா? இருந்தாலும் மாஸ்டரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டு பெயர்களும் இருக்கின்றன. எங்கள் கம்பெனி பெயர் பின் அட்டையில், சின்ன எழுத்தில்.

முதல் மாத வெயிட் வந்துவிட்டது. பதினொரு பேர் ஏறியிருக்கிறார்கள். ஒரு பெண் மட்டும் அப்படியே இருக்கிறாள். விசாரித்தால், முட்டையைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப்போய் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறாளாம். அடுத்த புரபோசலில் பதின்மூன்று முட்டை என்று எழுதியிருக்கிறேன். போன் இன்னும் வரவில்லை!