கொழுந்துக் கறை

பெற்றார் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், கையொப்பமிட்டதும் கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார். கொழுந்துக் கறை படிந்த கறுத்த விரல்கள். "வர வேணாம்னு சொன்னேனே அம்மா" என்று தரம் 8இல் படிக்கும் மகள் முணுமுணுத்தது எங்களுக்கும் கேட்டது.

நாங்கள் கணவனும் மனைவியும் இரத்தினபுரிப் பக்கத் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் சித்திரம். ஊர் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்போன முஸ்லிம் ஊர். தறிச் சத்தத்தில்தான் வளர்ந்தோம். "படிச்சுத் தறியிலிருந்து தப்புங்க" என்றார்கள். படித்தோம், ஆசிரியர் கலாசாலைக்குப் போனோம், தப்பினோம். இங்கு வந்து அதையே பிள்ளைகளிடம் சொன்னோம்: "படிக்காவிட்டால் கொழுந்துக் கூடைதான்."

அந்த வெட்கத்தை நாங்களும்தான் படிப்பித்திருக்கிறோம்.

அடுத்த கிழமை இருவரும் சேர்ந்து ஒரு பாடம் செய்தோம். ஜப்பானியரின் பட்டுக் கிமோனோ பற்றியது. சுமார் 36 சென்ரிமீற்றர் அகலம், 12 மீற்றர் நீளமான ஒரே துணியை நேர்கோட்டில் மட்டும் வெட்டித் தைப்பார்கள். துணி வீணாகாது. தையலைப் பிரித்துக் கழுவி மீண்டும் தைக்கலாம். பாட்டியின் கிமோனோ பேத்திக்கும் உதவும்.

அமாமி ஓஷிமா தீவில் நெய்வதற்கு முன்பே நூலில் கோலம் ஏறிவிடும். சாயம் படக்கூடாத இடங்களைப் பருத்தி நூலால் இறுக்கிவிட்டு, மரத்துண்டுகளை அவித்த சாற்றில் பட்டு நூலை நனைப்பார்கள். பிறகு இரும்புச் சத்துள்ள சேற்றில் தோய்ப்பார்கள். இப்படிப் பல பத்துத் தடவை. சாற்றின் தனினும் சேற்றின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும். கட்டை அவிழ்த்து, புள்ளிக்குப் புள்ளி பொருத்தி நெய்ய மாதக்கணக்காகும்.

துரு ஆணிகளை வினாகிரியில் ஊறவைத்திருந்தோம். அந்த நீரை வெறுந்தேத்தண்ணியில் ஊற்றியதும் கிளாஸ் கறுத்தது.

"தேயிலையிலயும் தனின் இருக்கா டீச்சர்?" கேட்டது அதே பிள்ளை.

"இருக்கு."

"அப்ப எங்க அம்மா கையில இருக்கிறதும் இதுதானா?"

"கிட்டத்தட்ட இதுதான். கொழுந்துச் சாறு காற்றுப் பட்டாலே கறுக்கும்."

பிள்ளை சிரிக்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டது.

கறையைப் புகழ்ந்தால் நாட்சம்பளம் கூடாது. பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் தாயின் கையைக் காட்டிப் பயமுறுத்திப் படிப்பிப்பதை நிறுத்திவிட்டோம்.

அன்றிரவு ஊருக்குக் கோல் எடுத்தோம். பாவு ஓடுவது எப்படி என்று உம்மாவிடம் முதல் தடவையாகக் கேட்டோம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்.