அவைக்கு எட்ட வேண்டிய ஒலி

கருத்தரங்குகளில் இளம் ஆய்வாளருக்குக் கிடைப்பவை பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள். அவற்றுள் முதல் ஐந்து, கேபிளைக் கழற்றி மாட்டுவதிலேயே கழிவதை அவையினர் பலமுறை கண்டிருப்பர். சிறு தொல்லை என்று அதைச் சிரித்துக் கடப்பது வழக்கம். மொழியியலில் அந்த இழப்பு சிறியதன்று.

நீலகிரியில் பேசப்படும் தோடா மொழியை எடுத்துக்கொள்ளலாம். நா அதிரும் இடத்தால் வேறுபடும் மூன்று வகை ஆடொலிகள் அதில் உண்டு. அவ்வேறுபாட்டைக் குறியீடுகளால் எழுதிக் காட்டலாம். ஆயினும் அவை நம்புவது காதால் கேட்ட பின்னரே. தம் வேலையை ஒதுக்கிவைத்து ஒலிப்பதிவுக்கு அமர்ந்த முதியவரின் குரலே அங்குச் சான்று. அது ஒலிக்காவிடில் ஆய்வுரை வெறும் கூற்றாகிவிடும்.

ஐ.பி.எம். நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. இணைப்பு பல கல்லூரி அரங்குகளில் இன்னும் புழங்குகிறது. அது படத்தை மட்டுமே கடத்தும், ஒலியைக் கடத்தாது. எச்.டி.எம்.ஐ. இரண்டையும் கடத்தும். ஆனால் அதை இணைத்ததும் மடிக்கணினி பெரும்பாலும் ஒலியைப் புரொஜெக்டரின் சிறு ஒலிபெருக்கிக்குத் திருப்பிவிடும். பின்வரிசைக்கு எதுவும் எட்டாது. ஆகவே அரங்கின் ஒலியமைப்போடு இணைக்கத் தனி ஆடியோ கேபிள் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்வதும், ஒலி எவ்வழியே வெளியேற வேண்டும் என்பதைக் கணினியின் அமைப்புகளில் முன்னரே தெரிவுசெய்வதும் நன்று.

எழுத்தின் சிக்கல் வேறு. பவர்பாயிண்ட் கோப்பு, தனியே பணித்தாலன்றி, எழுத்துருவைத் தன்னுடன் சுமந்து செல்வதில்லை. பாமினியில் தட்டச்சிட்ட மேற்கோள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகச் சிதறும். பன்னாட்டு ஒலியியல் குறியீடுகள் வெற்றுக் கட்டங்களாகலாம். எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். கோப்புக்கு இத்துன்பம் இல்லை. 2008 முதல் பன்னாட்டுத் தரமாகவும் உள்ள அவ்வடிவம் எக்கணினியிலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் தரும். அசைவூட்டம் அதில் மறைந்துவிடும் என்பது மெய்யே. படிப்படியாகக் காட்ட வேண்டியதை அடுத்தடுத்த பக்கங்களாக அமைத்தால் அக்குறை பெரிதும் தீரும்.

காணொளியை வில்லைகளுக்குள் வைப்பதைவிட, எம்.பி.4 கோப்பாகத் தனியே வைத்து வி.எல்.சி. போன்ற இயக்கியில் ஓட்டுவது பாதுகாப்பு. பெரும்பாலான காணொளி வகைகளைத் திறக்கும் ஏற்பாடு அம்மென்பொருளுக்குள்ளேயே உள்ளது. வில்லையில் இணைப்பாக மட்டும் சேர்த்த காணொளி, பென் டிரைவில் நகலெடுக்கும்போது பின்தங்கிவிடும். இணையத்திலிருந்து ஓட்ட எண்ணுபவரோ அரங்கின் வைஃபையை நம்பியாக வேண்டும்.

அனைத்தும் பொய்த்தாலும் ஒன்று எஞ்ச வேண்டும். அம்மூன்று ஒலிகளின் நிறமாலைப் படங்களை பி.டி.எஃப். கோப்பிலேயே சேர்த்துவைத்தால், ஒலி எழாத அரங்கிலும் வேறுபாட்டைக் கண்ணுக்காவது காட்டலாம். புதிய மடிக்கணினி வாங்க வசதியற்று நண்பரின் கருவியை இரவல் பெற்று வரும் மாணவருக்கும் இவ்வழி இயலும். அமர்வு தொடங்கும் முன் பத்து நிமிடம் அரங்கைத் திறந்துவைத்து, பேசவிருப்போர் தத்தம் கோப்புகளை ஓட்டிப் பார்க்க விடுவது அமைப்பாளர் செய்யக்கூடிய உதவி. செலவில்லாத அவ்வுதவி கிடைக்கும் அரங்கில், நீலகிரி முதியவரின் குரல் கடைசி வரிசைவரை சென்று சேரும்.